பக்கத்து இருக்கையில் கர்ணன்

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில், கர்ணனுடைய ஜீப்பில் இடம் பிடிக்கத்தான் பெண்கள் முதலில் ஓடுவார்கள். குமுளி மலைப்பாதையில் தூங்குகிற பிள்ளை விழிக்காமல் வண்டி ஓட்டுவான் என்று பெயர் வாங்கியிருந்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவனுக்கு வயிற்றுப்புண் முற்றிப்போய், மதுரையில் ஆபரேஷன் செய்து இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள். வலி அதோடு போயிற்று. ஆனால் ஆள் பாதியாக இளைத்திருந்தான். அவனைத் தேற்றியே தீருவது என்று அவன் மனைவி ராஜாத்தி கங்கணம் கட்டிக்கொண்டாள். விடிந்ததும் கருப்பட்டிப் பணியாரம், சீனி தூக்கலாகப் போட்ட பால். தட்டு காலியாகும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

மறுபடி வண்டி எடுத்த சில நாட்களிலேயே அது நடந்தது. மலையில் பாதி தூரம் ஏறியபோது கர்ணனின் கைகள் நடுங்கின. அந்தக் குளிரிலும் சட்டை நனைய வேர்த்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வரவே, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்.

"ஏலே கர்ணா, என்னடா செய்யுது?" என்று பின்னாலிருந்து இறங்கி ஓடி வந்தாள் பாண்டியம்மாள். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களில் அவள்தான் மூத்தவள்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. பசி மாதிரி இருக்கு."

"இப்பத்தானடா வீட்டுல தின்னுட்டு வந்த?"

யாரோ ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். தின்றதும் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டான். மறுநாளும் ஏறக்குறைய அதே வளைவில் அதே நடுக்கம். "அங்கன ஒரு முனி இருக்குடி" என்று பாண்டியம்மாள் தீர்ப்புச் சொன்னாள். அடுத்த நாள் தேங்காய் உடைத்து, வெல்லமும் பழமும் படைத்து, முதல் பங்கை அவன் வாயில் போட்டாள். நடுக்கம் நின்றது. முனிக்குப் பெருமை ஏறியது.

அந்த வாரக் கடைசியில் நடுக்கம் திரும்பி வந்து, ஜீப் தடுப்புச்சுவரை உரசிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கர்ணன் பயந்துபோனான். வேறொரு டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, இறங்கி வந்த லாரியில் ஏறி வீடு வந்து சேர்ந்தான். ராஜாத்தி அவனைக் கையோடு டாக்டர் ஞானபாக்கியத்திடம் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, காலையில் என்ன சாப்பிட்டான் என்பதைத்தான். ராஜாத்தி பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாப்பாட்டைத் தேக்கி வைக்கிற பை இப்ப சின்னதாப் போச்சும்மா. இனிப்பெல்லாம் கடகடன்னு குடலுக்கு இறங்கி, ரத்தத்துல சர்க்கரை எகிறிப் போகுது. உடம்பு பதறிப்போய் அதை இறக்குது. இறக்குற வேகத்துல ரொம்பக் கீழ போயிருது. அப்பத்தான் இந்த நடுக்கம்."

"ஐயையோ! அப்ப நாந்தான் இவுகளப் படுத்தி எடுத்தேனா?"

"பாசமாத்தான படுத்தியிருக்கே. இனிமே கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி குடு. முட்டை, மீன், பயறு, கடலை. பணியாரம் வேண்டாம். தண்ணியைச் சாப்பாட்டோட சேக்காம, பொறுத்துக் குடிக்கட்டும். நடுக்கம் வந்தா மட்டும் கொஞ்சம் சீனி, பின்னாலயே ஒரு பிடி கடலை." பிறகு கர்ணனைப் பார்த்தாள். "நான் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது."

வெளியே வந்த கர்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். "பேசாம ஜீப்ப வித்துரலாமா?" என்றான்.

"எதுக்கு விக்கணும்? நான் ஓட்டுறேன்."

அவன் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "எங்கய்யா திராட்சைத் தோட்டத்துல டிராக்டர் ஓட்டுனவ நானு."

வறண்டு கிடந்த கண்மாயில் பாடம் தொடங்கியது. கர்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கிளட்சு! ஏ புள்ள, கிளட்சு!" என்று கத்துவான்.

"கத்துனா நடுக்கம் வந்துரும். கடலையத் தின்னுங்க" என்பாள் அவள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் தின்றான். மணி பார்க்காமலே வயிறு கேட்கும் நேரம் அவனுக்குப் பிடிபட்டது. நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவளுக்கு லைசென்ஸும் வந்தது.

முதல் நாள் ராஜாத்தி ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பெண்கள் தயங்கினார்கள். "ஆம்பள ஓட்டித்தான் பாத்தாச்சே, ஏறுங்கடி" என்று பாண்டியம்மாள் முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜீப் மலையேறியது. வளைவுகளில் ராஜாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்தாள். கர்ணன் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு தட்டாம்பயறுச் சுண்டலை மென்றபடி, ஏதோ நினைவில் வெளியே திரும்பினான். வாய் அப்படியே நின்றுவிட்டது. கீழே பச்சையும் மஞ்சளுமாக வயல்கள், திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்புகள், நடுவே வெயிலில் மின்னுகிற ஆறு.

"ஏ ராசாத்தி! இங்கன இருந்து பாத்தா நம்ம ஊரே தெரியுது!"

பின்னால் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "நாங்க தெனமும் பாக்குறதுதான. ஒனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள் பாண்டியம்மாள்.

"ரோட்டத் தவிர நான் எதையும் பாத்ததில்லையே ஆத்தா" என்றான் கர்ணன். சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். ராஜாத்தியும் சிரித்துவிட்டு, கியரை மாற்றினாள்.

சில மாதங்களில் டாக்டரம்மா அவனை ஓட்டச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு மலை இறங்கும்போது அவன் ஓட்டினான். ஏறும்போது மட்டும் சாவியை ராஜாத்தியிடம் நீட்டிவிட்டு, தூக்குவாளியோடு ஓடிப்போய் பக்கத்து இருக்கையில் இடம் பிடித்துக்கொள்வான்.