ஏற்போர் ஐம்பத்தெட்டுப் பேர்

அன்றைக்குக் கை தூக்கியவர்களை எண்ணியது நான்தான். ஐம்பத்தெட்டு. தப்பு வந்துவிடக் கூடாதென்று இரண்டு முறை எண்ணினேன். இருபத்தோரு வருட வேலையில் என் எண்ணிக்கையில் யாரும் ஒரு பிழை கண்டுபிடித்ததில்லை. அந்தப் பெருமையை எந்தக் குப்பையில் கொண்டுபோய்க் கொட்டுவதென்றுதான் இப்போது தெரியவில்லை.

வட்ட மன்ற அலுவலகத்தில் நான் குறிப்பெழுத்தர். கூட்டம் நடக்கும்போது தலைவருக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்திருப்பேன். யார் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் ஏற்றார்கள், என்ன முடிவாயிற்று என்று எழுதுவது என் வேலை. பேசுவது என் வேலை இல்லை. குறிப்பெழுத்தர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பேச வீடு இருக்கிறது, அங்கே எதற்கு?

வீட்டில் என் தங்கை இருந்தாள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். கணவர் போனபிறகு நான் அப்பாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அவள் கல்யாணமே வேண்டாமென்று அங்கேயே இருந்துவிட்டாள். அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் நூலகத்தில் சிறுவர் பகுதி அவள் பொறுப்பு. சனிக்கிழமை காலை பாய் விரித்துக் கதை சொல்வாள். பிள்ளைகள் அவளைக் கதைச் சித்தி என்பார்கள். முக்கால்வாசிப் பேர் பின் குடியிருப்புப் பிள்ளைகள். அங்கிருந்து நூலகத்துக்கும் அதை ஒட்டிய பள்ளிக்கும் வர ஒரே ஒரு சந்துதான். அது இல்லையென்றால் பெரிய சாலையில் இறங்கி, கிடங்கு வளைவைச் சுற்றி, லாரிகளோடு லாரியாக நடந்து வரவேண்டும்.

அந்தச் சந்தைத்தான் கிடங்குக்காரர் லாரி நிறுத்தக் கேட்டிருந்தார். பொதுக் கூட்டத்துக்கு வரப்போகும் பொருள்களில் ஏழாவது அது. சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

"என் பிள்ளைங்க எப்படிக்கா வரும்?"

"என்னைக் கேட்டா? கூட்டத்துக்கு வந்து கேளு."

"நான் நூலக ஊழியர். அரசியல் பேசினா சீட்டைக் கிழிச்சிடுவாங்க." தட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள். "கதை சொல்லலாம்ல? அதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க."

மறுநாள் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கதையை எனக்குத்தான் முதலில் சொல்லிப் பார்த்தாள். ஒரு காட்டில் குளத்தை மூடப்போவதாகக் கரடித் தலைவர் கூட்டம் போடுகிறார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நத்தை திங்கட்கிழமையே கிளம்பிவிடுகிறது. வந்து சேர்ந்தால் எல்லாரும் காது கிழியக் கத்துகிறார்கள், நத்தையைப் பார்ப்பார் இல்லை. அது கத்தவில்லை, இரண்டு கொம்பையும் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறது. இறக்கவே இல்லை. முதலில் ஒரு வண்டு பார்த்து வாயை மூடுகிறது, பிறகு ஒரு முயல், கடைசியில் கரடியே பேச்சை நிறுத்தவேண்டியதாகிறது.

"என்ன நத்தையாரே, உமக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கரடிக் குரலில் கேட்டாள். உடனே மெல்லிய குரலில், "ஆமாங்கய்யா, முளைச்சுத்தான் இருக்கு. நல்லாப் பாருங்க."

நான் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

"கொம்பைத் தூக்கினா பேச விட்டே ஆகணும். அதான் காட்டுச் சட்டம்," என்று முடித்தாள். "எப்படிக்கா?"

"கதை நல்லாத்தான் இருக்கு. உன் பேச்சைக் கேட்டு எந்த நத்தை கிளம்புதுன்னு பாப்போம்."

கிளம்பின. நாலு சனிக்கிழமை அதே கதைதான். பிள்ளைகள் தலைக்குமேல் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு தெருவெல்லாம் நத்தையாகத் திரிந்தன. கூட்டிப் போக வந்து வாசலில் நிற்கும் அம்மாக்களும் கேட்டார்கள். அவர்களில் துணி தேய்க்கும் ஒருத்தி, முன்பல் விழுந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, "சித்தி, இந்தக் கரடி எங்க இருக்கு?" என்று கேட்டாளாம்.

"மன்ற அலுவலக மாடியில. வர்ற ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு."

"எங்களுக்குக் கொம்பு இல்லையே."

"கை இருக்குல்ல?"

இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பொதுக் கூட்டத்துக்கு முப்பது பேராவது வரவேண்டும். வராவிட்டால் எந்தப் பொருளும் செல்லாது, அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். மூன்று வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக வருவது பத்துப் பேர், அதிலும் நாலு பேர் காற்றாடிக்குக் கீழே தூங்க வருபவர்கள். அம்மாக்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் சந்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இது எனக்குத் தெரியும். வருவார்கள் என்று நம்பியிருந்தால்தானே சொல்லத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி கொள்ளவில்லை. வேலைக்குப் போட்ட சட்டையோடு வந்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள், இருமிக்கொண்டே ஏறிய வாட்ச்மேன் ஒருவர். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கிடங்குக்காரர் எழுந்து போய்விடுவார் போலிருந்தது. என் தங்கை கடைசியில், படிக்கட்டு வாசலில், பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

தலைவர் ஏழாவது பொருளை மூச்சுவிடாமல் வாசித்தார். "மேற்படி பாதையினைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, கிடங்கின் வாகன நிறுத்தத்துக்கென ஒதுக்கும் பொருளினை இம்மன்றம் பரிந்துரைக்கிறது. ஏற்போர் கை உயர்த்துக."

அந்த நடை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவர்களுக்கு அப்படியில்லை. பாதை என்பது காதில் விழுந்தது, கிடங்கு என்பது விழுந்தது, கை என்பது விழுந்தது. தேய்க்கிறவள்தான் முதலில் தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு சுவரோரம் முழுக்க. ஒருவரும் கத்தவில்லை. நத்தையைப் போலவே வாயை மூடிக்கொண்டு, கையை இறக்காமல், தங்களைப் பேசக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். பிள்ளைகளை அடக்குவதில் இருந்த என் தங்கைக்குத் தலைவர் வாசித்தது காதில் விழவில்லை. நிமிர்ந்தவள் கண்ணுக்கு அத்தனை கைகள் மட்டும் தெரிந்தன. அவளும் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யார் வேண்டாமென்பார்?

"எண்ணுங்கம்மா," என்றார்.

எண்ணினேன். அந்தக் கைகள் எதற்காகத் தூக்கப்பட்டவை என்று அந்த மேடையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இவங்க பேசக் கேக்குறாங்க ஐயா என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். விதி இருந்தது. பயமும் இருந்தது.

"ஐம்பத்தெட்டு," என்றேன்.

"எதிர்ப்போர்?" ஒரு நொடி. "யாருமில்லை. நிறைவேறியது. அடுத்த பொருள்."

கைகள் இன்னும் இறங்கவில்லை. தேய்க்கிறவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஐயா, நாங்க இன்னும் பேசவே இல்லையே?" என்றாள்.

"அதான் கை தூக்கிட்டீங்களேம்மா. ரொம்ப நன்றி."

கிடங்குக்காரர் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். என்ன நடந்ததென்று கை தூக்கியவர்களுக்குப் படியிறங்கும்போதுதான் புரிந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி என் தங்கையைப் பார்த்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடுச்சேக்கா," என்றாள். அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை. அவள் அப்படி இருந்ததைத் தாங்க முடியாமல்தான் நான் விதியைச் சொன்னேன். எண்ணிக்கை குழப்பத்தில் எடுக்கப்பட்டது என்று ஏழு நாளைக்குள் குறிப்பெழுத்தர் எழுதிக்கொடுத்தால் மறுபடி கை தூக்கச் சொல்லவேண்டும்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எழுதிக் குடுக்கா. நீ எழுதினா போதும்க்கா."

"நாளைக்கு எழுதுறேன்."

மறுநாள் தலைவர் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி காட்டினார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். மிரட்டவெல்லாம் இல்லை. "இருபத்தோரு வருஷம். ஒரு பிழை கிடையாது உங்ககிட்ட. ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கறப்போ எனக்கு எண்ணத் தெரியலன்னு எழுதிக் குடுப்பீங்களா? நான் சொல்லல. நீங்களே யோசிங்க." அவ்வளவுதான். என்னை எங்கே தட்டினால் சத்தம் வரும் என்று மனிதருக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை தலைவலி என்றேன். புதன்கிழமை படிவம் கிடைக்கவில்லை என்றேன். அந்தப் படிவத்தை அச்சுக்குக் கொடுத்ததே நான்தான். வெள்ளிக்கிழமை காலை அவள் ஒன்றும் கேட்கவில்லை, டிபன் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்தாள். ஏழாவது நாள் சனிக்கிழமை, அலுவலகம் அரை நாள். மூன்று வரி எழுதினேன். கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன். ஒரு மணிக்குக் காவலாளி வந்து ஜன்னலைச் சாத்தினார். தாளை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தெருவில் இறங்கி நடக்கும்போது என்மேல் எனக்கே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"எழுதினியா?"

"இல்ல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

பத்து நாளில் சந்தின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு வந்தது. பிள்ளைகள் பெரிய சாலையில் நடந்தன. ஒரு காலை, கிடங்கு வளைவில் பின்னால் வந்த லாரியின் கண்ணாடி அந்தப் பல் விழுந்த பெண்ணின் தலையில் பட்டது. பதினோரு தையல். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் அவள் அம்மா பள்ளியை நிறுத்திவிட்டுத் தேய்க்கும் மேஜைக்கு அடியிலேயே மகளை உட்கார வைத்துக்கொண்டாள். என் தங்கை பார்க்கப் போனபோது அவள் கோபமாகக்கூடப் பேசவில்லையாம். "உங்களைச் சொல்லி என்ன சித்தி, நாங்கதானே தூக்கினோம்," என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாளாம். மற்ற அம்மாக்கள் அவ்வளவுகூடப் பேசவில்லை. சனிக்கிழமைப் பாய்க்கு நாலு பேர் வந்தார்கள், பிறகு இரண்டு, பிறகு பாயை விரிக்கவில்லை.

வீட்டில் நாங்கள் ஒரே அடுக்களையில் சமைத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டோம். உப்பு போதுமா, மின்வெட்டு எப்போது என்று பேசிக்கொண்டோம். அவள் கோபத்தை நான் தாங்குவேன். அவள் மரியாதையாக நடந்துகொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, என் சாளரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அன்று காலை நான் பின்னிவிட்ட ஜடை. முறை வந்ததும் பூர்த்தி செய்த விண்ணப்பத்தைத் தட்டில் வைத்தாள்.

"பொதுக் கூட்டக் குறிப்போட நகல் வேணும், மேடம். ஏழாவது பொருள்."

"வீட்டுல கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். "எதுக்குடி?" என்று குரலைத் தாழ்த்தினேன்.

"மேல் அலுவலகத்துல மனு போடறோம். நானும் இன்னும் மூணு பேரும். மூணு பேர்தான் வர்றேன்னாங்க. அலுவலக முத்திரையோட நகல் வச்சாத்தான் மனுவை வாங்குவாங்களாம்."

அந்த நகலை வைத்தால் மனு நிற்காது. ஏற்போர் ஐம்பத்தெட்டு, எதிர்ப்போர் இல்லை என்று அதிலேயே இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றாள்.

பதிவேட்டைத் திறந்து, நகல் எடுத்து, கீழே முத்திரையைக் குத்தினேன். மை சரியாக விழவில்லை. இன்னொரு முறை அழுத்திக் குத்தினேன். 'உண்மை நகல்' என்று தெளிவாக விழுந்தது. அதற்குக் கீழே குறிப்பெழுத்தரின் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கும்.

அவள் சாளரத்துக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.