பேசறேன்னு சொன்ன காக்கா

“பேசறேன், பேசறேன்னு ஆறு மாசமா சொல்றீங்க காக்கா! எங்க பேசினீங்க?”

“மெதுவா ஜரீனா, அக்கம்பக்கம் கேக்கும் லா!”

அக்கம்பக்கம் என்றால் நான்தான். சிங்கப்பூரின் ஈசூனில், அடுக்குமாடியில், ஜரீனா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் காரிடாருக்கு வந்தேன். செடி ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

கத்தியது ஜரீனா. அடக்கியவர் அவள் அண்ணன் நசீர். அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்பார்கள். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடை மாடியில் வக்கீலாக இருந்தவர். ‘நான் பேசறேன்’ என்று அவர் சொல்லிவிட்டால் வழக்கில் மாட்டியவன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவான். தேர்தலில் வென்று எம்பி ஆனபின்னும் அதே வார்த்தைதான். லிஃப்ட் பழுதென்றாலும் பேசறேன், புறாத் தொல்லையென்றாலும் பேசறேன். புறாக்கள் சௌக்கியமாக இருக்கின்றன.

ஜரீனா கேட்டது மகனுக்காக. காப்பிக்கடைச் சண்டையை விலக்கப்போன அதீஃப் மீதும் வழக்குப் போட்டிருந்தார்கள்.

“எம்பி தன் மருமகனுக்காகக் கோர்ட்ல நின்னா பேப்பர்ல என்ன எழுதுவாங்க? நல்ல லாயரா வச்சுத் தர்றேன்மா.”

“வாப்பா இல்லாத பிள்ளை காக்கா. உங்க வாயைத்தான் நம்பியிருந்தேன்.”

வழக்கு நாளன்று, துணைக்கென்று நானும் போனேன். நசீர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவர் அமர்த்திய இளம் வக்கீல், அதீஃப் விலக்கத்தான் போனான் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று நீதிபதி கேட்டதும் நசீர் எழுந்துவிட்டார். பழக்கதோஷம். ஜரீனா திரும்பிப் பார்த்தாள்.

அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

அதீஃபுக்கு மூன்று மாதம் சிறை.

அடுத்த தேர்தலிலும் நசீர்தான் ஜெயித்தார். வாக்களித்தவர்களில் நானும் ஒருத்தி, ஜரீனாவிடம் சொல்லவில்லை.

வெளியே வந்த அதீஃப், அவனுக்காகக் காத்திருந்த ஃபர்சானாவைக் கட்டினான். விருந்தில் யாரோ தாய்மாமனிடம் மைக்கை நீட்ட, ஜரீனா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “காக்கா சாப்பிடட்டும். பேச வேணாம்.”

மைக் வேறு கைக்குப் போனது. நசீர் பிரியாணித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஜரீனா, மகன், மருமகள் மூவரும் மார்சிலிங்குக்குக் குடிபோய்விட்டார்கள். இப்போது அந்த வீட்டில் இருக்கும் தம்பதி சண்டையே போடுவதில்லை. செடிக்கு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் ஊற்றுகிறேன்.