வாசலில் தொடங்கிய யூக்கான் பயணம்

கனடாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மறு வாரமே ஒரெஸ்ட் ஹ்நாட்டியுக் ஒரு பழைய வீட்டுவண்டியை வாங்கிவிட்டார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாமே சக்கரத்தின் மேல். வீட்டுக்கு ஓட்டிவரும் வழியில், பள்ளிப் பேருந்துப் பழக்கத்தில், தண்டவாளம் குறுக்கிட்ட இடத்திலெல்லாம் நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடந்தார். பின்னால் வந்த லாரிக்காரன் கையை விரித்துத் திட்டியது அவருக்குப் பாராட்டுபோலத் தெரிந்தது.

"ஜூன்ல கிளம்பறோம். ஆல்பர்ட்டாவத் தாண்டி, வடக்கே யூக்கான் கடைசி வரைக்கும்," என்று வாசலில் நின்றபடியே அறிவித்தார். "நடுவுல மனுஷ வாடையே கிடையாது. வெறும் காடு!"

அவர் மனைவி வெர்னா பல் மருத்துவமனையில் உதவியாளர். வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடமே காலமெல்லாம் பேசிப் பழகியவர். வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார்.

"போன வருஷம் சமையலறைக் குழாய் ஒழுகினப்போ நீ என்ன பண்ணினே?"

"ஆளைக் கூப்பிட்டேன்."

"அந்தக் காட்டுல யாரைக் கூப்பிடுவே?"

ஒரெஸ்ட் ஒரு சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

வெர்னா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை இருவரும் இந்த வண்டிக்குள்ளேயே, இதே வாசலிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

"அது வீடு இல்ல, மலைன்னு நெனச்சுக்கோ. மலைக்குள்ள போய் யாரும் குளிக்க முடியாது, புரியுதா?"

வெள்ளியன்று வெர்னா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு பெர்னிஸிடம் கொடுத்தார். "இவன் அழுதாலும் குடுத்துடாதே."

"விழுந்து புரண்டாலும் குடுக்க மாட்டேன்," என்றாள் பெர்னிஸ். அவளுக்கு ஏகக் குஷி.

வெள்ளி சாயங்காலம் எல்லாம் அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. அடுப்பு முதல் தடவையிலேயே பற்றிக்கொண்டது. உருளைக்கிழங்கு திணித்த பெரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டி, வெங்காயத்தையும் போட்டு வதக்கினார் ஒரெஸ்ட். புகை கண்டதும் எச்சரிக்கை மணி அலறியது. தெருவே எட்டிப் பார்த்தது. நாயோடு உலாவ வந்த ஒருவர் ஜன்னலைத் தட்டி, "யூக்கான் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"பாதி வழி வந்துட்டோம்," என்றார் ஒரெஸ்ட், மணியின் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டே.

இருட்டியதும் குளிர் ஏறியது. மே மாதம் என்று பெயர்தான். ஹீட்டரைப் போட்டார். விசிறி சுற்றியது, டிக் டிக் என்றது, பிறகு அடங்கிவிட்டது. மறுபடியும் போட்டார். மறுபடியும் டிக் டிக்.

"உனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடேன்," என்றார் வெர்னா.

"தெரியாம என்ன? காத்து இன்னைக்கு எதிர்ப்பக்கமா அடிக்குது. அதான்."

இருந்த கோட்டுகளையெல்லாம் போட்டுக்கொண்டு, இரண்டு உருளைக்கிழங்கு மூட்டைகள் மாதிரி படுத்தார்கள். படுக்கும்முன் கைகழுவிய ஒரெஸ்ட் குழாயைச் சரியாக மூடவில்லை. வண்டித் தொட்டியில் இருந்த தண்ணீர் முழுக்க சொட்டிச் சொட்டிப் போய்விட்டது.

விடிந்து கண்விழித்தபோது பக்கத்தில் வெர்னா இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தார். கழிப்பறையில் இல்லை. இருக்கத்தான் எவ்வளவு இடம்? வெளியே புல்லெல்லாம் உறைபனி. கார் நின்ற இடத்தில் கார் நின்றது. ஆனால் அவள் செருப்பு இல்லை. கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தே போயிருப்பாளோ? நாலு நாளாக அவள் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். ஒன்றில்கூட, 'நானும் வரேன்' என்ற வார்த்தை இல்லை. இந்த வண்டியை வாங்கும்போது அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதோடு வயிற்றுக்கும் ஓர் அவசரம்; வண்டிக் கழிப்பறையிலோ தண்ணீர் இல்லை.

கம்பளி உள்ளாடையும் பனிக்கால பூட்ஸுமாகப் போய் பெர்னிஸின் கதவைத் தட்டினார்.

"சாவி கிடையாது!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள் பெர்னிஸ்.

"சாவி வேணாம். வெர்னாவக் காணோம்!"

கதவு திறந்தது. சமையலறை மேஜையருகே, குளித்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாய் நிறைய பான்கேக்கோடு வெர்னா உட்கார்ந்திருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ எங்க இங்க?" என்றார் ஒரெஸ்ட்.

வெர்னா நிதானமாக மென்று விழுங்கினார். "வழி கேக்க வந்தேன்."

பெர்னிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரெஸ்ட் முதலில் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வெர்னா, அந்த ஹீட்டரு... எனக்கு ஒண்ணும் தெரியல. தண்ணியும் போச்சு. உன்னைக் கேக்காம வாங்கினதும் தப்பு. நீ வேணாம்னா வித்துடலாம்."

"விக்கிறதா? ராத்திரி பூரா நடுங்கினது வீணாப் போகவா?" வெர்னா எழுந்தார். "தெரியலைன்னு சொல்ல உனக்கு இவ்வளவு நேரமாச்சே. வா, பாப்போம்."

கைப்பையில் கிடந்த பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, வண்டிக்கு வெளியே ஹீட்டரின் புகைபோக்கி எதிரே குந்தினார். "எங்க, ஆ காட்டு," என்றார் அதனிடம். உள்ளே பழைய குருவிக்கூடு ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரெஸ்ட் கம்பியை வளைத்துக் கொடுக்க, கைப்பிடி கைப்பிடியாக வைக்கோல் வந்தது. உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டதும் ஹீட்டரிலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது. இருவரும் அதன் முன்னால் உள்ளங்கைகளைக் காட்டியபடி உட்கார்ந்தார்கள்.

ஜூனில் கிளம்பினார்கள். மலைகள் தொடங்கிய இடத்தில், "நகரு, நான் ஓட்டறேன்," என்றார் வெர்னா. ஒரெஸ்ட் இடம் மாறி உட்கார்ந்தார். சாலையோரம் ஒரு கருங்கரடி மஞ்சள் பூக்களை மேய்ந்துகொண்டிருந்தது. அவர் கையாட்டினார். அது தலையைத் தூக்கவேயில்லை.