கடலோரச் சாலையில் ஓடிய மூச்சு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கதவோரம் குளிரும். நம் பிரெட்டனிக் கடற்கரையில், கெர்மோர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். முடியும்போது உங்களுக்கே நெஞ்சு லேசாகிவிடும். வெண்ணெய் விலை இரண்டு முறை ஏறிய வருஷம் அது. ஜெயித்தவர் பரிசுக் கிடாவைத் தோளில் தூக்கிச் சுற்றுகிற புனித அன்னம்மாள் திருவிழா மல்யுத்தத்தில், பாதி ஆட்டத்தில், மல்யுத்தக்காரி அசெனோரின் மூச்சு அவளை விட்டு இறங்கி, மரத்தூள் களத்தைத் தாண்டிக் கடலோரச் சாலையில் ஓடிப்போயிற்று.

ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்களின் முழங்காலை வெதுவெதுப்பாக ஏதோ உரசிக்கொண்டு போனது. நாய்கள் எழுந்து வழிவிட்டன. களத்தில் அசெனோர் எதிராளியின் சணல் சட்டையைப் பிடித்தபடியே உதடு நீலம் பாரித்துச் சரிந்தாள். மூச்சு கலங்கரை விளக்கத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து நெஞ்சில் ஏறிக்கொண்டது. பக்கத்து ஊர்த் திருவிழாவில் இன்னும் தாமதித்தது. அதற்கடுத்த ஊரில், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் புல்லில் கிடந்தாள். வந்து சேர்ந்த மூச்சில் கடற்பாசி வாடை அடித்தது. டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, வீடு நன்றாகத்தான் இருக்கிறது, குடியிருப்பவர்தான் தங்குவதில்லை என்றார்.

அவள் கணவன் மாலோ சிப்பி வளர்ப்பவன். கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதான். “போதும் அசெனோர். கிடாவும் வேணாம், பேரும் வேணாம். அடுத்த தடவை அது வராமலே போயிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?” வரும் அன்னம்மாள் திருவிழாவிலும் ஓடிப்போனால் மல்யுத்தச் சட்டையை ஆணியில் மாட்டிவிடுவதாக அவள் வாக்குக் கொடுத்தாள். சின்ன வயதிலிருந்து அந்தச் சட்டைக்குள்தான் அவள் வாழ்ந்திருக்கிறாள்.

மூச்சு பலவீனமாகிவிட்டது என்று நினைத்தாள். விடிந்தால் மழையோ காற்றோ, கலங்கரை விளக்கம்வரை ஓடினாள். அவள் ஓட ஓட, மூச்சு இன்னும் வேகமாக ஓடிப்போனது. மாலோவின் தங்கை நோல்வென், அவளும் களத்தில் இறங்குகிறவள், ஒருநாள் சிரித்தே விட்டாள்.

“என்ன அண்ணி, வருஷக்கணக்கா அதுக்கு ஓடத்தானே சொல்லிக்குடுத்தீங்க? சொன்னபடி ஓடுது. மல்லுக்கு நிக்க எப்ப சொல்லிக்குடுத்தீங்க?”

“வாயை மூடுடி. எல்லாம் ஒரே மூச்சுதான்.”

“அப்படியா? நம்ம தபால்காரர் நாள் பூரா சைக்கிள் மிதிக்கிறாரே, வந்து ஒரு கிடாவைத் தூக்கட்டும், பாப்போம்.”

அந்தக் குளிர்காலம் முழுக்கப் படகுக் கொட்டகையில் மரத்தூள் பரப்பினார்கள். நோல்வெனும் மீன் ஏலக்கடைப் பெண்கள் இருவரும் மாறி மாறி வந்தார்கள். ஒருத்தி களைத்து விலகும்போதே இன்னொருத்தி புதிதாக வந்து சட்டையைப் பிடிப்பாள். இழு, தூக்கு, விழு, எழு, சட்டையைச் சரிசெய், மறுபடி பிடி. களத்தில் கிடைக்கிற இளைப்பாறல்தான் இங்கேயும். அதற்கு மேல் நோல்வென் விடமாட்டாள். முதலில் மூச்சு வழக்கம்போல வாசல் வழியே ஓடியது. அசெனோர் கதவைச் சாத்தப் போனாள். “விடுங்க அண்ணி. அடைச்சு வச்சா அது கதவைத்தான் பழகும், உங்களைப் பழகாது” என்றாள் நோல்வென். வயலில் கூனைப்பூச் செடிகள் துளிர்க்கும் வசந்தத்தில் அது கோயில் முனையோடு திரும்பியது. கானாங்கெளுத்தி வரும் பருவத்தில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு பூனை மாதிரி மரத்தூளில் வந்து உட்கார்ந்தது. ஒருநாள் இறங்கவே இல்லை. ஆட்டம் முடிந்த கையோடு எல்லோரும் அப்பம் சுடும் கல்லைச் சுற்றி நின்றதால் அதை யாரும் கவனிக்கவில்லை.

திருவிழா வந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவள் கதவு அகலத்துக்கு இருந்தாள். நேர்மையாக ஆடுவோம் என்று சத்தியம் செய்து, கன்னத்தோடு கன்னம் வைத்துவிட்டுப் பிடித்தார்கள். யாரும் விழவில்லை. நடுவர் நேரத்தை நீட்டினார். மாலோ ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. சாலை முனையில் கையை விரித்து நின்றான், ஓடி வந்தால் பிடித்துவிடலாம் என்று. கடல்காற்று மட்டுமே கைக்குள் வந்து போனது. பின்னால் கூட்டம் கத்தியது, திரும்பப் பயந்தான்.

“யாரைக் கட்டிப்பிடிக்க நிக்கிற அண்ணே? இங்க உன் பொண்டாட்டி கிடாவைத் தூக்கிட்டா!” என்று கூவினாள் நோல்வென்.

திரும்பினான். அசெனோர் கிடாவைத் தோளில் போட்டுக் களத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். ஊருக்கே கேட்கும்படி மூச்சு வாங்கியது. அவளுடைய சொந்த மூச்சு. மாலோ சாலையிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

இப்போதும் ஞாயிறு பூசை முடிந்ததும் அது கொஞ்ச நேரம் தனியாக ஓடிவிட்டு வரும். ரொட்டிக்கடைக்காரர் நாற்காலியை நகர்த்தி வழிவிடுவார். சூப் ஆறுவதற்குள் வீடு சேர்ந்துவிடும். உங்கள் வீட்டிலும் வெளியே போகிறவர்கள் எல்லோரும் அடுப்புச் சூடு தணியுமுன் திரும்பி வரட்டும், கண்ணுகளா; வந்தவர்களுக்கெல்லாம் தட்டும் இடமும் இருக்கட்டும்.