அறுந்ததை ஒட்டும் இடம்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எலக்ட்ரீஷியன் கெட்டது சாப்பாட்டு மேசையில்.

அவன் மனைவி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அறுந்துபோன டிஎன்ஏவை உயிரணு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று நுண்ணோக்கி வழியாகப் படமெடுப்பவள். அதை அன்று ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி என்று சபை நிறைந்திருந்த தெம்பில் இவன், "அறுந்ததை முறுக்கி டேப் சுத்தறதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றான். வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவனிடம் வாயே திறக்கவில்லை.

அவள் பேச்சில்லாத வீடு அவனுக்கு மெயின் ஸ்விட்சை அணைத்த வீடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுத் தொலைக்கலாம் என்றால், இரண்டே அறையில் ஆறு பேரை அடைத்து வைத்த வீட்டில் அதற்கு ஏது மூலை? கடைசியில் சமையலறையில் அவள் பாத்திரம் கழுவும்போது காதோரம் போய், "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான்.

மளிகை டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து அண்ணி எழுந்தாள். "பாருங்க தம்பி, உங்களுக்காவது மன்னிப்புக் கேக்கத் தோணுது. எங்க கல்யாணத்தன்னிக்கு உங்க அண்ணன் சொன்னதுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை உண்டா?"

"நான் என்னடி சொன்னேன்?" என்று அண்ணன் உள்ளே வந்தார். அம்மா மட்டும் சும்மா இருப்பாளா? "எங்க அக்கா முன்னாடி 'உனக்கு என்ன தெரியும்'னு உங்கப்பா கேட்டாரே!" என்று பழைய குப்பையைக் கிளறினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பதறிப்போன அப்பா, "தப்புத்தாம்மா, மன்னிச்சுடு" என்று கும்பிட்டார். கும்பிட்டது அண்ணியைப் பார்த்து.

"பரவாயில்ல மாமா" என்று அண்ணி அழ ஆரம்பித்தாள். "அப்போ எனக்கு?" என்றாள் அம்மா.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, அவன் சட்டையைப் பிடித்து வெளியே அடுக்குமாடிப் படிக்கட்டுக்கு இழுத்துவந்து கதவைச் சாத்தினாள்.

"இதையெல்லாம் உள்ள வச்சுப் பேசாதீங்க. செல்லே அப்படிப் பண்ணாது."

அவள் பேசியதே பெரிய விஷயம். "என்ன பண்ணாது?" என்றான் பயந்துகொண்டே.

"டிஎன்ஏவைச் சில இடத்துல ரொம்ப நெருக்கமா சுருட்டி அடைச்சிருக்கும். அங்க ஒரே மாதிரி எழுத்துத்தான் திரும்பத் திரும்ப வரும். நடுவுல ஒண்ணு அறுந்து, அங்கேயே ஒட்டப் பாத்தா, அதே மாதிரி இருக்கிற வேற எதோடயாவது போய் ஒட்டிக்கும். அதனால அறுந்த நுனியை நெரிசலுக்கு வெளிய கொண்டுவந்து, அதோட சரியான ஜோடியைப் பாத்துத்தான் ஒட்டும்."

அவன் தலையைச் சொறிந்தான். "பெட்டி நிறைய சிவப்பு ஒயரா இருந்தா நானும் வெளிய இழுத்துத்தான் ஒட்டணும். ஒரு தடவை சோம்பேறித்தனமா உள்ளேயே ஒட்டினேன். காலிங் பெல்லை அமுக்கினா பாத்ரூம் லைட் எரிஞ்சுது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சரியான ஜோடின்னா?" என்று கேட்டான்.

"அறுந்ததுக்கு அச்சு அசலா ஒரு நகல் இருக்கும். அறுந்துபோறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு அதைப் பாத்து எழுதிக்கும்." அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள். "நமக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

அவன் படியில் உட்கார்ந்தான். "நீ சொல்லுவே. எனக்குப் பாதி புரியாது. இருந்தாலும் கேட்டுக்கிட்டே இருப்பேன்," என்றான் மெல்ல. "அன்னிக்கு நாலு பேர் இருந்ததால, கேக்காம சிரிக்க வச்சுட்டேன். மன்னிச்சுடு."

அவள் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு ஒரு படம் எடுத்தேன்..." என்று ஆரம்பித்தாள். அவனுக்குப் பாதி புரியவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

கதவு மெதுவாகத் திறந்தது. அண்ணன் தலையை நீட்டினார். பின்னால் அண்ணி, அவளுக்கும் பின்னால் அப்பாவும் அம்மாவும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், முடிஞ்சுதா? எங்களுக்கும் படி வேணும்."

"இன்னும் பாதிதான் ஒட்டியிருக்கு," என்றான் எலக்ட்ரீஷியன். "நீங்கல்லாம் ஜோடிக்கொரு மாடிக்குப் போங்க."