நேசம் நிற்கும் படங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெகிவளைக்குப் போய்விட்ட சுபோதினி. முன்பு எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீட்டில் இருந்தவள். ஒரு ஹலோ கூட இல்லை, எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"சிவமணியக்கா, எப்ப நடந்தது? முப்பத்தொண்டும் முடிஞ்சுதே? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீங்கள்!"

"என்னடி நடந்தது?"

"நேசமக்கான்ர புத்தகம் இப்ப என்ர கையில கிடக்கு. பிறந்த வருஷத்தையும் பிழையா அடிச்சுப்போட்டாங்கள், பாவிகள்."

குசினி யன்னலால் எட்டிப் பார்த்தேன். முன் மாடியின் பல்கனியில் என் சிநேகிதி நேசம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையை மேலே தூக்க வேண்டாமென்று டொக்டர் சொன்னதை எந்தக் காதால் கேட்டாளோ தெரியாது.

சுபோதினியின் கையிலிருந்தது நான் போட்ட சஞ்சிகை. காப்புறுதிக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் மனதில் இருந்த ஒரே ஆசை அதுதான். ஜெர்மனியில் இருந்து அண்ணன் அனுப்பிய கமராவால் எண்பத்தேழில் தொடங்கி, காலி வீதியில் இருந்து தண்டவாளம் வரைக்கும் போகிற எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையை நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். மதில்கள், இரும்புக் கேற்றுகள், வீதிக்கு மேலால் கொட்டிக்கிடக்கும் மாம்பூ, ஒழுங்கையின் முடிவில் ஒரு துண்டுக் கடல். இன்றைக்கு அங்கே மாடிமேல் மாடி. என் பல்கனியில் நின்றால் கடல் தெரியாது, நேசத்தின் உடுப்புத்தான் தெரியும். அந்தப் படங்களைச் சேர்த்து 'கடற்பக்கம்' என்று முப்பத்திரண்டு பக்கத்தில், என் பெயரில், என் செலவில் அடித்தேன். முதல் ரோல்கள் கறுப்பு வெள்ளை, பிந்தியவை கலர். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகட்டும் என்று முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கினேன். அங்கேதான் சனியன் பிடித்தது.

அச்சகம் வைத்திருக்கும் பிரசாந்துக்கு அன்றாடச் சோறு போடுவது நினைவு மலர்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுக்க வேண்டும். அட்டையில் செத்தவரின் படம், அதன் கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும், உள்ளே தேவாரம், கடைசிப் பக்கத்தில் நன்றி. நான் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு அட்டைப் படத்தைப் பார்த்து, "நல்ல மனுசி போல அக்கா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஓம், தங்கமான மனுசி" என்றேன் நானும், வாயெல்லாம் பல்லாக. அவன் தன்பாட்டில் அட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை போட்டு விட்டான். வெள்ளை எழுத்தில் போட்ட சஞ்சிகையின் பெயர் வெளிறிய வானத்துக்குள் மறைந்துவிட்டது. மிஞ்சியது கடற்காற்றில் தலைமயிர் பறக்க நிற்கும் நேசத்தின் முகமும், அதன் கீழே படங்களின் காலமென்று நான் போடச் சொன்ன '1987 – 2025' என்பதும். கட்டைப் பிரித்துப் பார்த்த எனக்கு அது சட்டம் போட்ட மாதிரி வடிவாகத்தான் தெரிந்தது. கண்ணாடி போட்டிருந்தும் குருடு! பழைய ஒழுங்கை ஆட்கள் வந்தால் கொடுக்கச் சொல்லி, சனிக்கிழமையே பலசரக்குக் கடையில் ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். சுபோதினிக்கு அங்கேயிருந்துதான் கிடைத்திருக்கிறது.

அட்டை மட்டும் என்றால் பரவாயில்லை. உள்ளே எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நேசம். அதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சண்டைக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் கமராவோடு வீதியில் நின்று தண்டவாளத்தையும் கடலையும் எடுத்தால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். முன்னால் ஓர் ஆள் நின்றால் அது வெறும் சிநேகிதியின் படம். "யாளுவகே போட்டோ எகக், மாத்தயா" என்று அதையே சிங்களத்தில் சிரித்துக்கொண்டு சொன்னால் சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரன் பேசாமல் போய்விடுவான். கூப்பிட்ட நேரமெல்லாம் நேசம் வந்து நின்றாள். பவுடர் பூசி, பொட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரித்தான் வருவாள்.

வியாழக்கிழமை அவளுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். இரண்டு கிழமையாக ஒப்பரேஷன் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் இருக்கிறாள். மெல்பேணில் இருக்கும் மகனுக்கும் சொல்லவில்லை. இந்தப் புத்தகம் இப்போது அவள் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? பின்னேரம் பாயாசத்தோடு கொண்டுபோய்க் கொடுத்து அவளைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தேனே, என்ன புத்தி எனக்கு! மாக் கையைக் கழுவாமலே ஓடினேன்.

கதவைத் திறந்த நேசத்தின் கையில் புத்தகம். தேங்காயோடு சேர்த்துக் கடைக்காரர் அனுப்பிவிட்டாராம்.

"வா, வா. என்ர முப்பத்தொண்டுக்கே வந்தனீ?"

எனக்கு அழுகை வெடித்தது. "நேசம், ஐயோ, நான் இப்பிடி வருமெண்டு..."

"செத்தவளே அழேல்ல. நீ ஏன் அழுறாய்? இரு."

செற்றியில் பக்கத்தில் இருத்தி வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். "இதில எனக்குப் பின்னால சுபோதினி வீட்டு மாமரம். இதில தண்டவாளம். இதில சென்றி. எல்லாத்திலயும் என்னை ஓரமாத் தள்ளி நிப்பாட்டியிருக்கிறாய் பார்."

"உனக்கு அப்பவே தெரியுமே?"

"ஏன் தெரியாது? உன்ர கமரா ஒருநாளும் என்ர முகத்தைப் பார்த்ததில்ல. தோளுக்கு மேலாலதான் பார்க்கும்."

"பிறகேன் பவுடர் பூசிக்கொண்டு வந்து நிண்டனீ?"

"எப்பவாவது ஒருநாள் பார்க்குமெண்டுதான்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மாமரம் இல்லை, சென்றி இல்லை, கேற்றுகள் இல்லை. எல்லாம் போய், படத்தில் இருக்கிறவற்றில் மிஞ்சியது இவள் ஒருத்திதான். முப்பத்தெட்டு வருஷமாக ஒழுங்கையை எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு நான் எடுத்தது இவளைத்தான். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"அது பிரசாந்துக்கு முதலே விளங்கிட்டுது" என்றாள். சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் என் கையைப் பிடித்தாள். "சிவமணி, எனக்குப் பயமாக் கிடக்கடி. சரியான பயம். வியாழக்கிழமை நான் கண் முழிக்காட்டி இதையே எல்லாருக்கும் குடு. திரும்ப அடிக்காத."

"வாயைப் பொத்து, மூதேவி."

அப்போது மணி அடித்தது. நான் எழும்புவதற்குள் அவள் போய்க் கதவைத் திறந்தாள். ஒழுங்கை முடக்கு வீட்டில் இருந்த முத்துலிங்கம் அண்ணை. எண்பது தாண்டிவிட்டது, இப்போது கொட்டாஞ்சேனையில் மகளோடு. சுபோதினி அவருக்கும் போன் அடித்திருப்பாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், கையில் குடை. செத்த வீட்டுக்கு வந்த ஆள் செத்தவள் கதவைத் திறப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை. நான்தான்" என்றாள் நேசம்.

வந்து இருந்தார். நான் அச்சகத்தில் நடந்த கூத்தைச் சொன்னேன். வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்று நேசம் தானே சொன்னாள். இரண்டு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சொல் அவள் வாயில் வந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எவ்வளவு விளங்கியதோ தெரியாது, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தபோது மட்டும் வாய் திறந்தார். "பிள்ளை, நான் நூத்தியோராம் நம்பர் பஸ்ஸில முழுக்க அழுதுகொண்டு வந்தனான். கொண்டக்டர் ஏனெண்டு கேட்டவன்."

நேசம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பினார். குடையை எடுத்தார், செருப்பைக் கொழுவினார், ஒரு சொல்லும் சொல்லாமல் லிஃப்டைப் பார்த்து நடந்தார். செத்த வீட்டில் இருந்து எங்கள் ஆட்கள் 'போட்டு வாறன்' என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. அங்கே திரும்ப வருவதாகச் சொல்லக்கூடாது. பாவம், கொட்டாஞ்சேனையில் வெளிக்கிடும்போதே அந்த நினைப்போடு வெளிக்கிட்ட கால்கள், அதே நினைப்போடு திரும்பிப் போயின.

நேசத்தின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். காலையில் இருந்து அடித்த பகிடியெல்லாம் எங்கே போனதோ. வெறுங்காலோடு வெளியே ஓடினாள்.

"முத்துலிங்கண்ணை! சொல்லிப்போட்டுப் போங்கோ! என்னட்டச் சொல்லிப்போட்டுப் போங்கோ!"

மூடிக்கொண்டிருந்த லிஃப்ட் கதவுக்குள் இருந்து குடை வெளியே நீண்டது. கதவு குடையில் முட்டித் திறந்தது. உள்ளே அவர் நின்றார்.

"போட்டு வாறன் பிள்ளை."

"ஓம் அண்ணை. வாங்கோ."

கதவு மறுபடி மூட வந்து, குடையில் இடித்து, மறுபடி திறந்தது. அவர் குடையை உள்ளே எடுக்கவில்லை.

"போட்டு வாறன்" என்றார் இன்னொரு முறை, இப்போது பெலத்து.

"வாங்கோ" என்றாள் நேசம். கதவு மூட வந்தது.