ஒல்லிக் கை

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை முற்பகலில், அண்ணனின் கார் ஏசி பட்டறையின் உள்கொட்டகையில், தம்பியின் வலது கை ஒரு வெள்ளைக் காரின் முகப்புக்குள் முழங்கைக்கு மேல் சிக்கிக்கொண்டது.

அந்தக் காரில் கேஸ் சரியாக இருந்தும் கம்ப்ரசர் ஓடவில்லை. கேஸின் அழுத்தம் பார்த்துக் கம்ப்ரசரை ஓடவிடும் பிரஷர் சுவிட்சில்தான் கோளாறு என்று சந்தேகம். வீட்டு ஏசியில் அது இருந்தால், வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றியதும் கம்ப்ரசர் குழாயிலேயே கண்ணில் படும். காரில் அப்படியில்லை, ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு மூலையில் ஒளித்துவைக்கிறது. இந்த வண்டியில் முன்விளக்குக்குப் பின்னால், கண்டென்சரின் ஓரக் குழாயில். முறைப்படி பம்பரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கிளிப் உடையும், வண்டிக்காரர் முகம் சுளிப்பார். அதனால் அண்ணன் பம்பரைக் கழற்றவிடுவதில்லை. தம்பியின் ஒல்லிக் கை இருக்கிறதே. "கைய விடுடா ஓணான்" என்பார். மீசை அரும்பிய நாளிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்றும் சுவிட்ச் விரலுக்குக் கிடைத்தது. பிளக்கைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பியபோது முழங்கை ஓர் இரும்புப் பட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இழுத்தால் விளிம்பு தோலை வழித்தது. அண்ணன் யாரோ வீட்டு மொட்டைமாடியில் ஏசி பார்க்கப் போயிருந்தார். தம்பியின் போன் மேசையில் அடித்து அடித்து ஓய்ந்தது.

அழைத்தது அவன் மனைவி. கொஞ்ச நேரத்தில் நேரிலேயே வந்துவிட்டாள். மருந்துக் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்ப்பவள். வேறு ஊர்க் கிடங்குக்குப் பொறுப்பாளராக மாற்றியிருந்தார்கள். போவதென்று அவள் முடிவுசெய்துவிட்டாள். கம்பெனி தரும் தங்குமிடம் ஒருவருக்கா, இருவருக்கா என்று சொல்வதுதான் பாக்கி. சாப்பிடும்போது கேட்டால் அவன் கைகழுவ எழுந்துவிடுவான். படுத்த பின் கேட்டால் தூங்கிவிடுவான்.

"என்ன, வண்டியக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கறீங்க?"

"கை மாட்டிக்கிச்சு. சிரிக்காத. அடியில பட்டைக்கு ரெண்டு போல்ட்டு இருக்கு பாரு. ஸ்பேனர் அந்த டிரேல."

ஸ்பேனரை எடுத்து வந்தவள் குனியவில்லை. காலி டப்பா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப எங்கயும் ஓட முடியாதுல்ல. மத்தியானத்துக்குள்ள சொல்லணும். ஒருத்தரா, ரெண்டு பேரா?"

"கை வலிக்குதும்மா."

"எனக்குக் கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது."

வேலைக்குப் பயமில்லை, எந்த ஊரிலும் ஏசி கெடும். அண்ணன்தான். அவர் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் அதைச் சாக்காக வைத்துக் கிளம்பியிருக்கலாம்.

"அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"நான் போயிட்டா இதுக்குள்ள எல்லாம் யாரு கைய விடுவா?"

"பம்பரக் கழட்டுவாங்க. ஊர் உலகத்துல அதானே பண்றாங்க."

அவன் பானெட் விளிம்பில் கன்னத்தைச் சாய்த்தான். பிறகு, "சரி, ரெண்டு பேரு. அவர் வரட்டும், நானே சொல்றேன்" என்றான். அவள் மண்டியிட்டு முதல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணனின் பைக் உள்ளே வந்தது.

"ஓணானைப் பொறி வெச்சுப் பிடிச்சிட்டியாம்மா?"

அவரே ஸ்பேனரை வாங்கி மற்றதையும் கழற்றிப் பட்டையை நகர்த்தினார். முழங்கை நெடுகக் கீறி ரத்தம் கசிந்திருந்தது. அண்ணன் தண்ணீர் ஊற்றி, தன் துண்டால் ஒற்றியெடுத்தார்.

"எரியுதா?" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "மாத்தல் வந்திருக்காமே. எங்க வீட்ல உங்கக்கா சொன்னா. தைரியமா போயிட்டு வாம்மா. இவனப் பத்திக் கவலையே படாத. சாப்பாடு நம்ம வீட்லதான்."

அவள் கணவனைப் பார்த்தாள்.

"அண்ணே."

"சொல்லுடா."

துண்டு இன்னும் அவன் கையின் மேல் இருந்தது. அண்ணன் அதை மெதுவாக அழுத்திப் பிடித்திருந்தார்.

"சுவிட்சு நல்லாத்தாண்ணே இருக்கு. பிளக்கு லூசு."

"அப்ப இடது கைய விட்டு அமுக்கிவிடு. இப்பதான் வழி இருக்கே."

விட்டான். பிளக் பொருந்தியது. அண்ணன் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பி ஏசியைப் போட்டார். கம்ப்ரசர் பிடித்தது, முன்னால் விசிறி இரைந்து சுழன்றது. அந்தச் சத்தத்தில் பேச முடியாதென்று அவள் போனோடு தெருவுக்குப் போனாள். ஒருவருக்குத்தான் இடம் வேண்டும் என்று சொன்னாள்.